அந்த ‘ம்ம்ம்’ எங்கிருந்து வருகிறது?

(சிங்கப்பூரின் கிராஞ்சியில் கிட்டார் கலைஞர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

மின்கிட்டாரின் இசையைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். இன்றைய பேச்சு அந்த இசைக்கு முன்னால் வருவதைப் பற்றியது. ஆம்ப்ளிஃபயரின் சுவிட்சைப் போட்டதும், ஒரு கம்பியைத் தொடுவதற்கு முன்பே, பெட்டிக்குள்ளிருந்து ‘ம்ம்ம்’ என்று ஒன்று கிளம்புகிறதே, அதுதான் தலைப்பு. மேடைக்காரர்கள் “ஹம் அடிக்குது” என்பார்கள். பாடகர் திரும்பிப் பார்ப்பார். ஒலி அமைப்பாளர் கிட்டார்க்காரரைப் பார்ப்பார். கிட்டார்க்காரர் ஆம்ப்ளிஃபயரைப் பார்ப்பார். ஏன் வருகிறது? எங்கிருந்து வருகிறது? எந்த வழியாக உள்ளே நுழைகிறது? மூன்று கேள்விக்கும் விடை உண்டு. பெரும்பாலான நேரங்களில் அந்த விடைக்குப் பெரிய செலவு கிடையாது, பொறுமைதான் செலவு.

இதைப் பேசக் கிராஞ்சி மிகப் பொருத்தமான இடம். பிபிசி உலகச் சேவையின் தூரகிழக்கு அஞ்சல் ஒலிபரப்பு நிலையம் இங்கேதான் இருந்தது. ஜொகூரின் தெப்ராவில் இருந்த நிலையம் 1970களின் இறுதியில் கிராஞ்சிக்கு இடம் மாறியது. 250 கிலோவாட் ஆற்றல் கொண்ட சிற்றலைக் கருவிகள் ஆசியாவின் பல மூலைகளுக்கும் இங்கிருந்து குரல்களை அனுப்பின. 2023 ஜூலையில் அந்த நிலையம் தன் ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது. ஒலிபரப்பு நின்றுவிட்டது, கிராஞ்சியின் காற்று வெறுமையாகிவிட்டதா? இல்லை. ஒவ்வொரு மின்கம்பியும், ஒவ்வொரு விளக்கும், ஒவ்வொரு சார்ஜரும் தன் பங்குக்கு ஒரு சின்ன ஒலிபரப்பு நிலையமாக இயங்கிக்கொண்டே இருக்கிறது. அதைக் கேட்கும் வானொலிப் பெட்டி எது தெரியுமா? உங்கள் தோளில் தொங்கும் கிட்டார்!

கிட்டாரின் பிக்கப் என்பது என்ன? காந்தத் துண்டுகளைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருள், அவ்வளவுதான். 1954இல் வெளிவந்த ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரை எடுத்துக்கொண்டால், தலைமயிர் கனமே உள்ள செப்புக் கம்பியை ஒவ்வொரு பிக்கப்பிலும் ஏறத்தாழ 8,000 சுற்றுச் சுற்றியிருப்பார்கள். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது; சுருளில் ஒரு சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்குக் கொஞ்சம் கூட. அந்தத் துளியைத்தான் ஆம்ப்ளிஃபயர் பல நூறு மடங்கு, பல ஆயிரம் மடங்கு பெருக்கி உங்கள் நெஞ்சில் வந்து மோதும்படி செய்கிறது.

அந்தச் சுருளுக்கு ஆள் பார்க்கத் தெரியாது. தன்னருகே அசையும் காந்தப்புலம் கம்பியினுடையதா, சுவருக்குள் ஓடும் மின்சாரத்தினுடையதா என்று அது கேட்பதில்லை. வந்ததையெல்லாம் வாங்கிக்கொள்கிறது. சிங்கப்பூர் மின்சாரம் 230 வோல்ட், விநாடிக்கு 50 சுற்று. அந்த ஐம்பதுதான் உங்கள் ‘ம்ம்ம்’.

இசை தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு இன்னும் ஒன்று. 50 ஹெர்ட்ஸ் எந்தச் சுரம்? மேற்கத்திய ‘ஜி’ 49 ஹெர்ட்ஸ். ஆக நம் மின்சாரம் ‘ஜி’யைவிடக் கொஞ்சம் உயர்த்திப் பாடுகிறது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே அது ‘பி ஃபிளாட்’டுக்கும் ‘பி’க்கும் நடுவே போய் நிற்கும். ஆம்ப்ளிஃபயருக்குள் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும்போது அந்த ஐம்பது நூறாகிறது. இப்போது ஆறாவது கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டை அழுத்தி மீட்டுங்கள். அது 98 ஹெர்ட்ஸ். இரைச்சல் 100 ஹெர்ட்ஸ். இரண்டும் மோதும்போது விநாடிக்கு இரண்டு தடவை ஒலி வீங்கி வடிவது காதுக்குத் தெரியும். ஸ்ருதி சேரவில்லை என்று நினைத்துப் பிருடையைத் திருகிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. பாவம், கிட்டார் ஸ்ருதியோடுதான் இருக்கிறது, சேராதது சுவர்!

பேஸ் குமிழைக் குறைத்து இதை வெட்டிவிடலாமே என்று கேட்பீர்கள். கிட்டாரின் அடிக்கம்பி 82 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. நூறு அதற்கு மேலே இருக்கிறது. அதை வெட்டினால் கிட்டாரின் வயிற்றையும் சேர்த்து வெட்டுவீர்கள்.

இந்தத் தீவுக்கு இந்தச் சத்தம் புதிதல்ல. 1961இல் பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவருடன் வாசித்த தி ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். அந்த அலையில் ஊரெங்கும் கிட்டார்க் குழுக்கள் முளைத்தன. குவீன்ஸ்டவுன் தொழில்நுட்பப் பள்ளி மாணவர்கள் தங்கள் பள்ளி இதழின் பெயரையே வைத்துத் தொடங்கிய ‘தி குவெஸ்ட்ஸ்’ குழு, 1964இல் ‘ஷாண்டி’ என்ற வாத்திய இசையால் இங்குள்ள விற்பனைப் பட்டியலில் பீட்டில்ஸையே பின்னுக்குத் தள்ளியது. அந்தக் குழுவின் முன்னணிக் கிட்டார்க் கலைஞராகப் புகழ்பெற்றவர் ரெஜி வர்கீஸ், நம் இந்திய வம்சாவளிக்காரர். ஷேடோஸின் கிட்டார்க் கலைஞர் ஹாங்க் மார்வின் வாசித்தது ஒற்றைச் சுருள் பிக்கப் கொண்ட ஃபெண்டர். மணி அடித்தாற்போன்ற அந்தத் தெளிவுக்கு ஆசைப்பட்டவர்கள் எல்லாரும் கூடவே அந்த ‘ம்ம்ம்’மையும் வாங்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

மருந்து அப்போதே இருந்தது. கிப்சன் நிறுவனத்துப் பொறியாளர் செத் லவர் 1955இல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1959இல் அது கிடைத்தது. அவர் செய்தது எளிமையானது, ஆனால் அருமையானது. ஒரு சுருளுக்குப் பதில் இரண்டு; இரண்டுக்கும் காந்தத் துருவம் எதிரெதிர்; மின்னோட்டத் திசையும் எதிரெதிர். கம்பியின் ஒலி இரண்டிலும் கூடி வருகிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றில் கூட்டலாகவும் மற்றதில் கழித்தலாகவும் வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. அதன் பெயரே ஹம்பக்கர். அப்படியானால் எல்லாரும் ஹம்பக்கருக்கு மாறிவிட வேண்டியதுதானா? வேண்டாம். ஒற்றைச் சுருளின் குரல் வேறு, இரட்டைச் சுருளின் குரல் வேறு. சத்தத்துக்குப் பயந்து குரலை மாற்றிக்கொள்வது நியாயமில்லை. முதலில் சத்தம் வரும் வழியைக் கண்டுபிடியுங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் கருவி உங்கள் காது. ‘ம்ம்ம்’ என்று உருண்டையாக, அடிவயிற்றிலிருந்து வந்தால் அது ஐம்பது: காந்தப்புலம், அல்லது எர்த் வளையம் (அது என்ன என்பதை மேடைக்கு வரும்போது பார்ப்போம்). ‘ஜ்ஜ்ஜ்’ என்று முள் முள்ளாக வந்தால் விளக்கின் டிம்மர், அல்லது கவசம் இல்லாத வயரிங். ‘ஈஈஈ’ என்று கொசு போல மெல்லிசாக வந்தால் டிஜிட்டல் பெடல், அல்லது மடிக்கணினியின் சார்ஜர். ‘கரகர’ என்றால் தேய்ந்த குமிழ், அழுக்கேறிய ஜாக். ‘ஸ்ஸ்ஸ்’ என்று மழை போல வந்தால் கெயின் அளவுக்கு மீறி ஏறியிருக்கிறது. முன்பு இன்னொன்றும் உண்டு: கைப்பேசி அழைப்பு வருவதற்குச் சற்று முன்னே ஒலிபெருக்கியில் ‘டிடிட் டிடிட்’ என்று தந்தி அடிக்கும். 2ஜி கைப்பேசி விநாடிக்கு 217 தடவை துடித்துத் துடித்து அலை அனுப்பியதால் வந்த சத்தம் அது. 2017 ஏப்ரலில் சிங்கப்பூரில் 2ஜி சேவை நிறுத்தப்பட்டது. அந்தத் தந்தியும் நின்றது.

இரண்டாவது கருவி பொறுமை. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கடைசியிலிருந்து தொடங்குங்கள். ஆம்ப்ளிஃபயரில் எதையும் செருகாமல் சுவிட்சை மட்டும் போடுங்கள். சத்தம் வருகிறதா? அப்படியானால் கிட்டாரைக் குறை சொல்லாதீர்கள், நோய் ஆம்ப்ளிஃபயரில். பழைய பெட்டியில் ஃபில்டர் கெப்பாசிட்டர் வற்றிப்போயிருந்தால் நூறு ஹெர்ட்ஸ் உறுமல் நிற்கவே நிற்காது. வால்வு ஆம்ப்ளிஃபயரை மட்டும் நீங்களே திறக்காதீர்கள்! பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும். அது தெரிந்தவர் கை வைக்க வேண்டிய இடம்.

ஆம்ப்ளிஃபயர் அமைதியாக இருக்கிறதா? நல்லது. இப்போது கேபிளையும் கிட்டாரையும் மட்டும் சேருங்கள்; நடுவே பெடல் வேண்டாம். கிட்டாரின் வால்யூம் குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்த நிலையில் பிக்கப்பின் வாய் அடைபட்டிருக்கும். அப்போதும் சத்தம் வந்தால் கேபிளைப் பிடியுங்கள், ஜாக்கைப் பிடியுங்கள். கேபிளின் இரு முனைகளையும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். கேபிள் நடுவில் அறுவதைவிடப் பிளக்கின் கழுத்தில் அறுவதுதான் அதிகம். பிளக்கின் மூடியைத் திருகிக் கழற்றினால் உள்ளே நடுக்கம்பி ஒன்று, அதைச் சுற்றி வலைபோல் பின்னிய வெளிக்கம்பி ஒன்று. வலைக்கம்பியை இடுக்கியால் தொட்டு அசைத்துப் பாருங்கள். ஈயப் பற்றுக்குள் அது மோதிரம் போலச் சுழன்றால் பற்று விட்டுப்போயிற்று. அந்த வலைதான் கவசம். அது விட்ட இடத்தில் நடுக்கம்பி ஆன்டெனாவாகிவிடும். அக்கம்பக்கத்தில் வலுவான ஒலிபரப்பு இருந்தால் ஆம்ப்ளிஃபயரில் செய்தி வாசிப்பவர் குரலே கேட்கும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒலிபெருக்கிக்குப் போகும் கேபிளும் கிட்டாருக்குப் போகும் கேபிளும் ஒரே கால் அங்குலப் பிளக்கோடு வருகின்றன. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உள்ளே ஸ்பீக்கர் கேபிளில் அந்த வலை கிடையாது. இரண்டு தடித்த கம்பிகள் மட்டும். அவசரத்தில் அதை எடுத்துக் கிட்டாரில் செருகிவிட்டு, பிக்கப் கெட்டுவிட்டது என்று புதுப் பிக்கப் வாங்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கும் முன் கேபிளின் மேலுறையில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்.

இந்த ஊரின் ஈரத்தையும் கணக்கில் வையுங்கள். ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். ஒரு பக்கம் நீர்த்தேக்கம், அதையொட்டிச் சதுப்புநிலக் காடு என்றிருக்கும் கிராஞ்சியில் கேட்கவே வேண்டாம். பயன்படுத்தாமல் கிடக்கும் பிளக்கில் பச்சை படரும், குமிழ்கள் கரகரக்கும். ரோச்சோர் பக்கம் சிம் லிம் டவரில் கான்டாக்ட் கிளீனரும் ஈயமும் மல்டிமீட்டரும் கிடைக்கும். தேக்காவுக்குப் போகிற நாளில் ஒரு நடை எட்டிப் பாருங்கள்.

இப்போது வால்யூமை ஏற்றுங்கள். ஏற்றியதும் சத்தமும் ஏறுகிறதா? கிட்டாரைப் பிடித்தபடியே நின்ற இடத்தில் மெல்லச் சுழலுங்கள். ஒரு திசையில் சத்தம் உச்சத்துக்குப் போகும். அங்கிருந்து கால்வட்டம் திரும்பினால் ஏறக்குறைய மறைந்துவிடும். அப்படியானால் அறையில் எங்கோ ஒரு டிரான்ஸ்ஃபார்மர் காந்தப்புலத்தை வீசிக்கொண்டிருக்கிறது. அமெரிக்க ஆம்ப்ளிஃபயருக்காக வைத்த 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மராக இருக்கலாம். மேடையின் கீழுள்ள மின்பெட்டியாக இருக்கலாம். ஆம்ப்ளிஃபயரேகூட இருக்கலாம்; அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டு ஹம் அடிக்கிறது என்றால் என்ன செய்வது? இரண்டு எட்டுத் தள்ளி நில்லுங்கள். காந்தப்புலம் தூரத்துக்கு அஞ்சும்.

கம்பியைத் தொட்டதும் சத்தம் குறைகிறதா? குறைய வேண்டும், கிட்டாரின் உள்ளே எர்த் சரியாகச் சேர்ந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். ஆனால் குறைவது மிக அதிகமாக இருந்தால் கிட்டாருக்குக் கவசம் போதவில்லை. பிக்கப் குழிக்குள் செப்புத் தகடு ஒட்டி அதை எர்த்தோடு இணைத்தால் பெருமளவு தீரும். தொட்டதும் சத்தம் கூடினால்? உடனே கையை எடுங்கள். வாசிப்பதை நிறுத்துங்கள். எங்கோ கம்பிகள் மாறியிருக்கின்றன, அல்லது மின்இணைப்பில் எர்த் இல்லை.

பெடல்களுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. ஒவ்வொன்றாகச் சேருங்கள், எது சேர்ந்ததும் சத்தம் வந்ததோ அதுதான் ஆள். டிஜிட்டல் பெடலையும் டிஸ்டார்ஷன் பெடலையும் ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலிபோல் இழுத்தால் கொசு பாடத்தான் செய்யும். தனித்தனி வழி கொடுங்கள்.

மேடைக்கு வருவோம். ஒரு பொங்கல் கலைநிகழ்ச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் மேடையின் இடப்பக்கத்திலிருந்து. மிக்ஸருக்கு மின்சாரம் மண்டபத்தின் பின்சுவரிலிருந்து. நடுவே இரண்டையும் இணைக்கும் ஒலிக் கேபிள். இரண்டு பக்கமும் எர்த் உண்டு. கேபிளின் கவசமும் அந்த இரண்டு எர்த்தையும் இணைக்கிறது. ஆக மேடையைச் சுற்றி ஒரு பெரிய வளையம் உருவாகிவிட்டது. அந்த வளையத்தில் மின்னோட்டம் சுற்றும். ‘ம்ம்ம்’ மண்டபம் முழுக்க நிறையும். இரண்டையும் ஒரே இடத்து மின்சாரத்தில் இணைத்தால் பாதி வேலை முடிந்தது. அல்லது நடுவே டிஐ பெட்டி வைத்து அதன் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ சுவிட்சைத் தட்டுங்கள். அது ஒலிக் கேபிளின் கவசத்தை மட்டும் பிரிக்கும்; மின்சாரத்தின் எர்த்தைத் தொடாது.

இங்கேதான் சிலர் ஒரு குறுக்குவழி சொல்வார்கள். “எர்த் முள்ளைக் கழற்றிவிடுங்க, ஹம் போயிடும்.” போகும், சில வேளை வாசிப்பவரும் சேர்ந்து போய்விடுவார். 1972 மே மாதம், வேல்ஸின் ஸ்வான்சி நகர மேடையில் ‘ஸ்டோன் தி குரோஸ்’ குழுவின் கிட்டார்க் கலைஞர் லெஸ்லி ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்ட கணத்தில் மின்சாரம் தாக்கி இறந்தார். 1976 மே மாதம், ‘யார்ட்பேர்ட்ஸ்’ குழுவில் பாடிய கீத் ரெல்ஃப் தன் வீட்டில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தபோது அதே விதமாக இறந்தார். இரண்டு பேரும் முப்பதுகளைத் தாண்டிப் போகாதவர்கள். கிட்டார்க் கம்பி உலோகம். மைக்கின் வலை உலோகம். நடுவே வியர்த்த உடம்பு. எர்த் என்பது அந்த உடம்புக்குக் காவல். அதை வெட்டி அமைதி வாங்காதீர்கள். வீட்டு மின்பெட்டியில் இருக்கும் ஆர்சிசிபி சுவிட்ச், 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டும். சிங்கப்பூரில் எல்லா வீடுகளிலும் அது இருந்தாக வேண்டும் என்பது 2025 ஜூலை முதல் கட்டாயம். ஆனால் எர்த் முள்ளைக் கழற்றிவிட்டு அதை மட்டும் நம்பி நிற்பது அறிவுடைமையல்ல.

நாய்ஸ் கேட் பெடல் வாங்கினால் எல்லாம் தீருமே என்பவர்களுக்கும் ஒரு சொல். கேட் இரைச்சலை நீக்குவதில்லை. நீங்கள் வாசிக்காத இடைவெளியில் கதவைச் சாத்துகிறது. வாசிக்கும்போது இரைச்சல் உங்களோடுதான் இருக்கிறது. அடித்து நிறுத்தும் மெட்டல் இசைக்கு அது போதும். ஆனால் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் மின்மாண்டலினில் வாசித்ததை, பிரசன்னா மின்கிட்டாரில் கர்நாடக இசை வாசிப்பதைக் கேட்டவர்கள் நினைத்துப் பாருங்கள். ஒரே மீட்டலில் கம்பியை இழுத்து, கமகத்தை வளைத்து, அது கரைந்து மறையும் வரை காத்திருக்கிறார்கள். அந்தக் கரையும் நுனியில்தான் ராகம் இருக்கிறது. கேட் முதலில் கடிப்பது அந்த நுனியைத்தான். நம் இசையை மின்கம்பியில் வாசிக்க விரும்புகிறவர்களுக்கு உண்மையான அமைதி வேண்டும்; சாத்திய கதவு போதாது. ஆகவே கேட் கடைசி மருந்து. வேர்க்காரணத்தைக் களைந்த பிறகும் மிச்சமிருக்கும் சீறலுக்கு மட்டும்.

கடைசியாக, கிராஞ்சியின் விடுதிகளில் தங்கியிருக்கும் தம்பிகளுக்கு. ஊரிலிருந்து பலர் சிறு ஆம்ப்ளிஃபயரைக் கட்டி எடுத்து வருகிறீர்கள். இந்தியப் பிளக்கில் மூன்று உருண்டை முள். இங்கே சுவரில் மூன்று செவ்வக ஓட்டை. நடுவே ஒரு பயண அடாப்டர். அந்த அடாப்டர்களில் பல, மின்சாரத்தின் இரண்டு முள்ளை மட்டும் இணைத்துவிட்டு எர்த்தை அப்படியே விட்டுவிடும். மேலே இருக்கும் பெரிய முள் பிளாஸ்டிக்காக இருந்தால், சுவரின் மூடியைத் திறப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. ஹம்மும் கூடும், ஆபத்தும் கூடும்.

இன்றிரவு அறைக்குப் போனதும், சாப்பாட்டுக்கு உட்காரும் முன், அந்த அடாப்டரைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரிய முள் பிளாஸ்டிக் என்றால் ஆம்ப்ளிஃபயரை அதில் இனிமேல் செருகாதீர்கள். மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு எர்த்தோடு கூடிய 13 ஆம்பியர் பிளக்கை மாட்டுங்கள். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் நண்பருக்கும் இதைச் சொல்லுங்கள்.